சக்கர வீடு

வீட்டுக்குச் சக்கரம் பூட்டி ஊர் சுற்றுவதே இனி நாகரிகம் என்று நம் நகரத் தமிழருள் ஒரு சாரார் பேசத் தொடங்கியிருக்கின்றனர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை ஆகிய யாவும் அடங்கிய மோட்டார் வண்டியொன்றில் ஏறி, அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் மாகடலை ஒட்டிய பாட்டையில், இலையுதிர் காலத்தின் கடைசி நாட்களில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் படங்களைக் கைப்பேசியில் கண்டு மயங்கி, ‘வீடு எதற்கு? பட்டா எதற்கு? சக்கரமிருந்தால் உலகமே வீடு’ என்று இவர்கள் உபதேசம் செய்கின்றனர். உபதேசம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளோடு நின்றிருந்தால் நாம் பேனாவைத் தொட்டிருக்க மாட்டோம். அஃது இப்பொழுது தோட்டத்து லயன்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. தோட்டம் கைமாறி, இழப்பீட்டுப் பணம் வரும் நாளை எதிர்நோக்கியிருக்கும் இளைஞரின் காதில், ‘வீட்டுக்கு முன்பணம் கட்டி முப்பதாண்டு கடனாளியாகாதே, வண்டி வாங்கு, உலகத்தைப் பார்’ என்று ஓதப்படுகிறது. ஆதலின் இதனை வாளா விடுதல் தகாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகின்றோம். நாம் பயணத்தின் பகைவர் அல்லோம். நம்மவர் போதிய அளவு ஊர் பார்ப்பதில்லை என்பதே நமது நெடுநாளைய குறை. பிள்ளைக்கு மொட்டையடிக்க, நேர்த்திக்கடன் கழிக்க, கல்யாணத்துக்கு மொய்யெழுத, சாவுக்கு மாலை போட என்னும் இந்நான்குக்கன்றி ஐந்தாவதொரு காரணத்துக்காக ஊரெல்லை தாண்டாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லும் ரயிலில் கால்வைக்க இடமிராது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் படியை மிதித்தவர் எத்தனை பேரென்று கேட்டால் தலை கவிழ்கிறது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாகத் திரிந்து, 1940இல் அவற்றை ஒரே படமாக்கித் திரையிட்டார். அவர் சென்றது கப்பலிலும் ரயிலிலும். முதுகில் வீட்டைச் சுமந்து செல்லவில்லை. கோட்டையூரில் பிறந்த ஒரு தமிழனால் அக்காலத்தில் அஃது இயன்றதெனில், இன்றைக்கு நம்மால் இயலாதென்று சொல்ல நாணமாயில்லையா? எனவே ‘ஊர் சுற்றுவது வீண் செலவு’ என்று முணுமுணுக்கும் பெரியவர்களோடு நமக்கு ஒட்டில்லை. அவர்களுக்கு இவ்வளவே போதும்.

நிற்க, அந்த அமெரிக்கப் பாட்டையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அது மெய்யாகவே பெருங்காட்சி என்பதில் நமக்கு ஐயமில்லை. கலிபோர்னியாவில் பிக் சர் என்னும் பகுதியில் மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. அம்மலையின் விலாவைக் குடைந்து போட்ட பாட்டை 1937இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1932இல், பிக்ஸ்பி என்னும் கணவாயின் மேல் ஒரே வளைவாகக் காங்கிரீட்டுப் பாலம் எழுந்துவிட்டது. ஆண்டின் இறுதியில் சாம்பல் நிறத் திமிங்கிலங்கள் அலாஸ்காவின் குளிர்நீரை விட்டு மெக்சிகோவின் வெந்நீர்க் குடாக்களை நோக்கிக் கரையோரமாகவே நீந்திச் செல்வதை அங்கே கரைமேல் நின்று காணலாம். வடக்கே ஓரிகன் மாநிலத்தில் இன்னுமொரு செய்தியுண்டு. நமக்கு அது திமிங்கிலத்தினும் பெரிதாகத் தோன்றுகிறது. 1913இல் அம்மாநில ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்பார் ஈரமணற் பரப்பு முழுவதையும் பொதுப்பாட்டையென்று சட்டஞ் செய்வித்தார். 1966இல் ஒரு விடுதிக்காரர் உலர்மணலுக்கு வேலி போட்டுத் தம் விருந்தினர்க்கு மட்டும் என்று ஒதுக்கியபோது மக்கள் கொதித்தெழுந்தனர். உலர்மணலிலும் எல்லாருக்கும் உரிமையுண்டென்று 1967இல் மற்றொரு சட்டம் பிறந்தது. ஆகவே அங்கே கடற்கரை யாருடைய தனிச்சொத்துமன்று. படங்காட்டி மயக்குவோர் இதைச் சொல்லுகின்றனரா? இல்லை. அவர்கள் கண்ணுக்கு வண்டியின் சன்னலும் அந்தி வானமுந்தான் படுகின்றன.

இன்னுமொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. பிக் சர் பாட்டையைக் குடைந்தவர்களுள் சான் குவென்டின் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் பலர்; கூலி சில காசுகளும், தண்டனையில் கழிவுமே. பாட்டையும் எப்போதும் திறந்திருப்பதன்று. 2017 மே மாதத்தில் மலையின் ஒரு பகுதியே சரிந்து பாட்டையைக் கடலுக்குள் தள்ளிற்று. மறுபடி வண்டி செல்ல 2018 ஜூலை ஆயிற்று. மழைக்காலத்தில் அங்கு செல்வோன் முன்னும் அடைபட்டுப் பின்னும் அடைபட்டு நிற்க நேரிடலாம்.

இவை போகட்டும். அச்சக்கர வீடுகளுக்குள் இருப்போர் யார் என்பதன்றோ கேள்வி! உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, குளிருக்கஞ்சித் தெற்கே போகும் செல்வர் ஒரு சாரார் என்பது மெய். படங்களில் வருவோர் இவர்களே. ஆனால் 2008ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் முறிந்து, ஏராளமானோர் வீடிழந்தனர். அவர்களில் முதியோர் பலர் கையிலிருந்த சில்லறைக்குப் பழைய வண்டியொன்றை வாங்கி அதற்குள் குடிபுகுந்தனர். இவர்களோடு சேர்ந்து வாழ்ந்து ஜெசிகா புரூடர் என்னும் பத்திரிகையாளர் எழுதிய ‘நோமாட்லாண்ட்’ 2017இல் வெளிவந்தது. அதைத் தழுவிய படம் 2021இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அப்புத்தகத்தில் இலையுதிர் காலம் எப்படி வருகிறது தெரியுமா? அறுபதும் எழுபதும் கடந்த கிழவரும் கிழவியரும் வண்டியோடு வட டகோட்டாவுக்குச் சென்று சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் நிற்கின்றனர். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, அமேசான் கம்பெனியின் கிடங்குகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் நடந்து நடந்து சாமான் பொறுக்குகின்றனர். வேலை தீர்ந்ததும், ‘அடுத்த ஆண்டு வா’ என்று சொல்லி அனுப்பப்படுகின்றனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருவோரங்களில் அசையாது நிற்கும் பழைய சக்கர வீடுகளோ, வாடகை கொடுக்க வகையற்றவர்களின் குடில்கள். சக்கரமுண்டு, பயணமில்லை.

பருவத்துக்குப் பருவம் ஆள் சேர்த்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடும் இம்முறையைப் படித்தபோது, அந்நிய நாட்டுக் கதையைப் படிப்பதாகவே நமக்குத் தோன்றவில்லை. செக்ரோலில் பெயரேற்றிப் பெயரடிக்கும் தொழிலிலிருப்போர்க்கு இது கைபழகிய கணக்கு. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1939இலேயே இதை எழுதி வைத்தார். நிலம் பறிபோன ஒக்லஹோமாக் குடியானவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களையும் கிழவரையும் குழந்தைகளையும் ஓட்டை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவுக்குப் போன கதையே அவருடைய ‘கோபத்தின் திராட்சைகள்’. அதே ஸ்டைன்பெக் 1960இல், புகழும் பொருளும் பெற்றபின், தாமே ஒரு சக்கர வீடு செய்வித்து, ஒரு நாயைத் துணைக்கொண்டு, இலையுதிர் காலத்தில் தம் நாட்டைச் சுற்றி வந்து, அதையும் ஒரு புத்தகமாக்கினார். ஒருவரே எழுதியவை இரண்டும். இரண்டிலும் வண்டியே வீடு. ஆனால் முன்னையதில் திரும்பிப்போக வீடில்லை. பின்னையதில் நியூயார்க்கருகே வீடு காத்திருந்தது. வேறுபாடு அவ்வளவே. அவ்வளவேயாயினும் அதில் அடங்காதது எது?

இனி, இலக்கியம் பேசும் சிலர் வேறொரு வாயிலால் வருவர். ‘சக்கர வீடு அமெரிக்கனுடையதன்று; நம் முன்னோருடையது. உமணரைப் பாருங்கள்’ என்பர். நன்று, பார்ப்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி வருகிறது. அதன் மேல் கோழிக்கு ஒரு கூடு உண்டு. சிறிய உரலொன்று தொங்குகிறது. காடியிட்ட பாத்திரமும் தொங்குகிறது. கைக்குழந்தையை உடைய பெண்ணே எருதுகளை ஓட்டுகிறாள். அடுப்பங்கரை முழுவதும் வண்டியேறி விட்டதென்றே சொல்லலாம். புறநானூற்றிலோ, நடுவழியில் அச்சு முறிந்தால் என் செய்வதென்று வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் உமணரை ஒளவையார் காட்டுகின்றார். இன்றைய வண்டிக்காரர் பின்னால் மாட்டித் திரியும் மாற்றுச் சக்கரத்துக்கு ஈராயிரம் ஆண்டுக்குரிய பாட்டன் அஃது.

அழகிய காட்சிதான், மறுப்பாரில்லை. எனினும் உமணன் வண்டியில் ஏற்றியது எது? தன் உப்பு. விற்று விலை பெறுவோன் அவன். எங்கே திரும்புவது, எங்கே இளைப்பாறுவது என்பது அவன் விருப்பம். சரக்கு அவனுடையதாயிருந்தமையால் சாலையும் அவனுடையதாயிற்று. உப்பும் எருதும் பிறனுடையவாய், இவன் ஓட்டுக் கூலி மட்டுமே பெறுவோனாயிருந்தால், கோழிக்கூட்டின் அழகை எந்தப் புலவர் பாடியிருப்பார்?

இலையுதிர் காலத்தின் இறுதி என்று இவர்கள் மயங்கும் அப்பருவத்துக்கு நம் முன்னோர் கூதிர் என்று பேரிட்டனர். ஐப்பசியும் கார்த்திகையும் அதன் திங்கள்கள். கூதிரைப் பாடிய பேரிலக்கியம் நக்கீரனாரின் நெடுநல்வாடை. அப்பாட்டின் தொடக்கத்தில் நிற்போர் அரசனும் அல்லர், அரசியும் அல்லர். மழை தாழாமல், மேய்த்த நிலத்தை விட்டு வேற்று நிலத்துக்கு ஆனிரையை ஓட்டிச் சென்ற கோவலர். பிரிந்த நிலத்தை நினைந்து நெஞ்சு கலங்கி, தீமூட்டிக் கையைக் காய்ச்சி, கன்னம் நடுங்க நிற்கின்றனர். அப்பால்தான் நகரத்து மாடங்களில் சன்னலைச் சார்த்திக் கணப்பிட்டு இருப்போர் வருகின்றனர். ஒரே குளிர், ஒரே வாடை. சுவர் உள்ளவனுக்கு அது பருவம், இல்லாதவனுக்கு அது துன்பம். இதை நம் புலவர் பாட்டின் தலைவாயிலிலேயே வைத்தார்.

பசிபிக் கரை வேண்டுமென்போர் அமெரிக்காவுக்குப் போகவும் வேண்டியதில்லை. நம் நாட்டின் கிழக்குக் கரையைத் தழுவும் தென்சீனக் கடல் பசிபிக்கின் ஓர் அங்கமே. கோலாலம்பூரிலிருந்து காராக் வழியாக மலையேறி இறங்கினால் குவாந்தான். அங்கிருந்து செராத்திங், கெமாமான், டுங்குன், ரந்தாவ் அபாங், கோலத் திரங்கானு என்று கடலைப் பிரியாமல் வடக்கே செல்லலாம். ரந்தாவ் அபாங் மணலில் ஒரு காலத்தில் தோல்முதுகு ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஏறி முட்டையிட்டன. இப்போது ஒன்று வந்தாலும் செய்தி. முட்டையைத் தின்றும் விற்றும், வலையிற் சிக்கவிட்டும், பார்க்க வந்த கூட்டம் விளக்கடித்துக் கூச்சலிட்டும் துரத்தினோம். சுற்றுலா எதைச் செய்யவல்லது என்பதற்கு இதனினும் அருகில் சான்று வேண்டா.

ஆனால் எந்தத் திங்களில் போவது? நம்மவர் டிசம்பர் விடுமுறையில் கூட்டங் கூட்டமாய்ப் புறப்படுகின்றனர். வாடகைக்கு வண்டியெடுத்து ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் தங்குவது இப்போது புதுமோகம். நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று அக்கரையில் அறைகிறது. தீவுகளுக்குப் படகு நிற்கிறது. கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறுகிறது. அலைப்பலகை விளையாடுவோர் மட்டும் மகிழ்ந்து செராத்திங்குக்கு வருவர். 2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் இரண்டு இலட்சம் பேருக்குமேல் வெள்ளத்தால் வீடுவிட்டு வெளியேறினர். 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன், உலு சிலாங்கூரில் பத்தாங்காலிக்கருகே கூடாரமடித்துத் தூங்கிக்கொண்டிருந்தோர் மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவருள் அடக்கம். ‘சக்கரமிருந்தால் தப்பி ஓடலாமே’ என்பார்க்கு, 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை நினைவூட்டுகின்றோம். அங்கே முதலில் மூழ்கியவை சக்கரமுள்ளவை. உயிர் பிழைத்தோர் வீட்டுக் கூரையில் ஏறியவர்கள். கடல் பார்க்க வேண்டுமானால் பங்குனி கழிந்து போங்கள், பேருந்தில் போங்கள், அல்லது கெமாஸிலிருந்து தும்பாட்டுக்கு 1931இல் முற்றுப்பெற்ற ரயில் பாதையில், காட்டின் நடுவே, ஒரு பகற்பொழுது சன்னலோரம் அமர்ந்து போங்கள். குடும்பத்தோடு போய்வர ஆகும் செலவு, சக்கர வீட்டின் தவணைப் பணத்துக்குக் கால் தூசு.

இனி நம் வாதத்தின் உயிர்நிலைக்கு வருகின்றோம்.

சக்கர வீட்டை நமக்குப் புதிதாகக் காட்ட வருவோர் நம் சரித்திரத்தை ஒரு பக்கமேனும் புரட்டினாரில்லை. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியது முதல், அவர் குடியிருந்தது எல்லாம் சக்கர வீடே. சக்கரம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. லயன் வீடு எவனுடையது? தோட்டத்துடையது. அதில் பிறந்தோம், மணந்தோம், முன்வாசலில் முருங்கையும் வாழையும் வைத்தோம்; பின்புறம் ஆடு மாடு கட்டினோம். பெரட்டில் ஒருவன் பேர் அடிபட்டால் அன்றே வீடும் அடிபட்டது. கங்காணி வேறு தோட்டத்துக்குப் போனால் அவன் ஆட்களும் மூட்டை கட்டினர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டால் ஆள் குறைப்பு. செம்பனையை அழித்து வீட்டுமனை போட்டால் எல்லார்க்கும் விடை. 1942லும் 1943லும் சப்பானியர் நம்மவரைத் தோட்டந் தோட்டமாய்ப் பிடித்துச் சயாமுக்கு ரயிலில் ஏற்றினர், பல்லாயிரவர் திரும்பவில்லை. நம்மினத்தார் செய்த மிக நீண்ட சக்கரப் பயணம் அஃது ஒன்றுதான் போலும்.

தம் விருப்பப்படி நகர்வதற்கு நம்மவர் கேட்ட உரிமையோ மிகச் சிறிது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று: துரையையோ உத்தியோகத்தரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமென்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. கேட்கும்போதே நெஞ்சு கொதிக்கிறதல்லவா? சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், இரண்டே சக்கரம், அதன்மேல் அமர்ந்து ஒரு மனிதனைக் கடந்துபோக உரிமையில்லை. உத்தியோகத்தர் என்ற சொல்லில் கிராணிமாரும் அடக்கம் என்பதை, கிராணி வேலை பார்க்கும் நாம் மறைக்க விரும்பவில்லை. வேலைநிறுத்தம் பட்டாளத்தைக் கொண்டு அடக்கப்பட்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அப்படிக் குருதி சிந்திச் சைக்கிளில் அமர்ந்த இனத்துக்கு இப்பொழுது, ‘வீடு எதற்கு, சக்கரம் போதும்’ என்று போதிப்பதா?

நாமிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானின் கதையே போதிய பாடம். இவ்வூர் அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் எழுந்த புதுக்கிராமம். 1948 முதல் 1960 வரை நீண்ட அவ்வவசரகாலத்தில், பிரிக்ஸ் என்னும் அதிகாரியின் 1950ஆம் ஆண்டுத் திட்டப்படி, காட்டோரங்களில் வாழ்ந்த ஏறக்குறைய 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், இழுத்து வரப்பட்டு இத்தகைய கிராமங்களில் அடைக்கப்பட்டனர். கொடுமை கொடுமையே, ஊரடங்கு, சோறு அளந்து கொடுத்தல், வாயிலில் உடற்சோதனை எல்லாம் பட்டனர். ஆனால் அவர்க்குத் தனித்தனி மனை அளந்து விடப்பட்டது. முதலில் தற்காலிக உரிமமும், பின்னர்ப் போராடிப் போராடிக் குத்தகைப் பட்டாவும் வந்தன. அந்தச் சிறு மனையில் தையல் எந்திரம் ஓடிற்று, பட்டறை எழுந்தது, இன்று கடைத்தெருவே அங்கிருக்கிறது. அதே அவசரகாலத்தில் தோட்டத் தமிழரும் லயன்களோடு ஒன்றாய்ச் சேர்த்து வேலிக்குள் வைக்கப்பட்டனர். வேலி நீங்கியபோது அவர்க்கு என்ன மிஞ்சிற்று? லயன் மிஞ்சிற்று, அதுவும் தோட்டத்துடையது. சீன அண்டை வீட்டார் மேல் நமக்கு அழுக்காறு சிறிதுமில்லை. ஒரு மனைத் துண்டு எதைச் செய்யுமென்பதை அவர் வாசலிலேயே தினந்தோறும் பார்க்கின்றோம். அதைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

இங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் புத்ராஜெயா. அந்நகரம் எழுந்த மண்ணில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது; முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஆங்கில அதிகாரிகள் 1921இல் தொடங்கியது. அங்கே பிறப்பித்த பி.பி. 86 போன்ற ஒட்டுக் கன்றுகள் கேரளத்திலும் இலங்கையிலும் கூட வேரூன்றின. மரத்துக்கு உலகெங்கும் இடம் கிடைத்தது. மரத்தைச் சீவியவனுக்கு? பிராங் பெசாரும் அதனை அடுத்த தோட்டங்களும் அழிந்து, 1999இல் அரசாங்கத் தலைமையகம் அங்கே குடியேறியது. தோட்ட மக்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்னும் அடுக்கு வீடுகளில் ஏற்றப்பட்டனர். சுவர் வெடிக்கிறது, தளம் இறங்குகிறது என்ற முறையீடு இருபதாண்டுக்கு மேலும் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் போய்ச் ‘சக்கரம் வாங்குங்கள்’ என்று சொல்லும் துணிவு யாருக்குண்டு?

வேறு வழியும் ஒரு காலத்தில் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். லயன் வாசலில் நின்று அவர் கேட்டார். பால்மரம் சீவுவோர் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினர். கெடாவிலே புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிற்று. அச்சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றிப் பலர்க்குப் பல கருத்துண்டு; அதைப் பிறிதொரு நாள் பேசலாம். கூலிக்காரன் மண் வாங்கலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

கணக்கு நம் தொழிலாதலால் ஒரு கணக்கும் போட்டுக் காட்டுவோம். 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். முப்பதாண்டு உழைத்தவனுக்கு 600 நாள். மாதம் 1,700 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளாக வகுத்தால் நாளுக்கு 65 ரிங்கிட்டும் சில்லறையும். 600 நாளுக்கு 39,230. ஓர் ஆயுளின் உழைப்பு இது. படங்களில் மினுங்கும் சக்கர வீட்டின் விலை இதைப்போல் பல மடங்கு. எனவே வாங்குவது பழைய வேனாகத்தான் இருக்கும். வேன் வாங்கிய நாள் முதல் அதன் விலை இறங்கும். சாலை வரி, காப்புறுதி, டயர், எண்ணெய் என்று மாதந்தோறும் கை நீட்டும். பத்தாண்டு கழிந்தால் பழைய இரும்பு. மனையோ, காடாய்க் கிடந்தாலும், பத்தாண்டில் பிள்ளைக்கு ஈடு வைக்கவாவது உதவும். ‘வாழ்க்கையை நாளைக்கு ஒத்திவைக்காதீர்’ என்று இவர்கள் சொல்லுவது கேட்க இனிது. நாளைய சோற்றுக்கு உறுதியுள்ளவன் வாயில்தான் அது இனிக்கும்.

பணத்தினும் பெரிது விலாசம். அடையாள அட்டையில் எழுதுவதற்கு ஒரு விலாசம் வேண்டும். 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதானவர் தாமாகவே வாக்காளராகப் பதிவாகின்றனர். எந்தத் தொகுதி என்பதை முடிவு செய்வது அவ்விலாசமே. தோட்டம் தோட்டமாய்க் கலைந்த நம்மவர் வாக்கு சிதறிச் சிதறி, எந்த வேட்பாளரும் அஞ்சாத எண்ணிக்கையாகிவிட்டது. இன்னும் மிச்சமிருப்பதையும் சக்கரத்தில் ஏற்றி ஓட்டிவிட்டால் கேட்பாரார்? பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. மூடப்பட்டவற்றுள் மிகப் பல தோட்டத்துப் பள்ளிகள். பிள்ளைகளுக்கு அறிவு மழுங்கியதால் மூடப்படவில்லை. குடும்பங்கள் பெயர்ந்தன, வகுப்பு வெறிச்சோடிற்று, பூட்டு விழுந்தது. குடியிருப்பு நிலைத்தால் பள்ளி நிலைக்கும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டுமோ?

‘நீர் இளைஞரின் உல்லாசத்தைக் கெடுக்கிறீர்’ என்று நம்மைச் சாடுவர். கெடுக்கவில்லை, வண்டி வாடகைக்கெடுத்து நான்கு நாள் கடலைப் பார்த்து வருவோரை நாம் வாழ்த்தி அனுப்புகின்றோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகின்ற பயணத்துக்கும், பூட்ட வீடேயில்லாமல் போகின்ற பயணத்துக்கும் ஒரே பெயரிட்டு, பின்னதை முன்னதன் விலைக்கு விற்பவரோடுதான் நம் வழக்கு. அவர்களுள் எவரேனும் தம் பங்சார் வீட்டையோ பெட்டாலிங் ஜெயா வீட்டையோ விற்றுவிட்டு வேனில் குடியேறியிருந்தால், அவர் முகவரியை, இருந்தால், எமக்கு அறிவிக்கட்டும்.

தோட்டம் விற்கப்படும் செய்தி கசிந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்துகின்றோம். இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டும் பேசிக் கையெழுத்துப் போடாதீர். அதே தோட்ட மண்ணின் ஓரத்தில் தரைவீடு கட்டித் தருவரா, பட்டா யார் பேரில், வீடு முடிந்து சாவி கைக்கு வரும்வரை லயனில் இருக்கலாமா என்னும் இம்மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை ஏற்காதீர். தொழிற்சங்கத்தாரை முன்னிறுத்துங்கள், சட்டமன்ற உறுப்பினரைத் தேர்தலுக்குப் பின்னன்று, முன்னே வரவழையுங்கள். பள்ளிக்கும் கோயிலுக்கும் மயானத்துக்கும் எவ்வளவு நிலம் என்பதும் அவ்வெழுத்திலேயே இருக்கட்டும்.

கிராணிமார்க்குத் தனியாக ஒன்று. ஆட்குறைப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்வது நம் கை. பெயர், எண், சேர்ந்த தேதி, சேவை ஆண்டு, தொகை என்று ஐந்து கட்டம் போடுகின்றோம். ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘குடியேறும் விலாசம்’ என்று தலைப்பிடுங்கள். மேலாளர் ஏனென்று கேட்பார், கேட்கட்டும். அக்கட்டம் வெறுமையாயிருக்கும் வரை பட்டியல் முற்றுப்பெறவில்லை என்று சொல்லி, மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள்.